சுமைதாங்கியும் கிணற்றடியும்: அன்றாட அழைப்புகளின் ஆன்மிகம்

ஆன்மிகம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் கோயில், நோன்பு, தியானம், துறவு என்பனவே நம்மிற் பலர்க்கும் நினைவுக்கு வருகின்றன. அன்றாட வாழ்வு ஒருபுறம், ஆன்ம வாழ்வு மறுபுறம் என்ற பிரிவினை இந்நினைவுக்கு அடிப்படையாக உள்ளது. ஆயினும் இப்பிரிவினையை ஏற்காத போக்கொன்றும் தமிழர் சிந்தனை மரபிலே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. வாசலில் வந்து நிற்பவரின் பசி, வழிநடப்போரின் தாகம், சுமையோடு செல்பவரின் களைப்பு, வாய்பேசாத விலங்கின் தினவு ஆகிய ஒவ்வொன்றும் நம்மை நோக்கி விடுக்கப்படும் அழைப்பு என்பதும், அதனைக் கவனித்தலும் அதற்குச் செயலால் மறுமொழி கூறுதலுமே வழிபாடு என்பதும் அப்போக்கின் சாரமாகும்.

இக்கருத்து எளிமையானது. எளிமையானதாக இருப்பதனாலேயே ஆராயப்படாமலும் போய்விடுகின்றது. எவருடைய அழைப்பு நமது செவியில் விழுகின்றது, எவருடையது விழுவதில்லை, ஏன் விழுவதில்லை என்னும் வினாக்களை எழுப்பும்பொழுதே இதன் ஆழம் புலனாகும். யாழ்ப்பாணத்து வழியோரங்களிற் காணப்படும் சில அமைப்புகளையும், தமிழிலக்கியங் கூறும் சில நிகழ்ச்சிகளையும், யாழ்ப்பாணச் சமூக வரலாற்றின் சில கட்டங்களையும் துணையாகக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு நோக்குவோம்.

வழியோரச் சான்றுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதிகளில் மடம், கிணறு, கேணி, நீர்த்தொட்டி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் என்பன தனித்தனியாகவும், சில இடங்களில் ஒருங்கு சேர்ந்தும் அமைந்திருந்தன. இவற்றுட் பல அழிந்துவிட்டன. சில இன்றும் எஞ்சியுள்ளன. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் எஞ்சியவற்றுள் விதந்து கூறத்தக்கது. அங்கே தெருவே மடத்தினூடாகச் செல்கின்றது. இருமருங்கும் திண்ணைகளும் மேலே கூரையும் உள்ளன. வழிப்போக்கர் மடத்தைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. தாம் செல்லும் வழியிலேயே நிழலுட் புகுந்துவிடுவர். வீடுகளின் வேலியோரத்திற் கூரையிட்டுத் திண்ணையும் வைத்துக் கட்டப்பட்ட சங்கடப்படலைகளும் இத்தகைய நோக்குடையனவே.

இவற்றுள்ளே சுமைதாங்கியின் அமைப்பைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். நிலத்தில் நாட்டிய இரண்டு கற்களின்மேற் குறுக்காக ஒரு கல்லை இடுவது அதன் பொதுவான வடிவம். சுண்ணச்சாந்தினாற் கட்டப்பட்டனவும் உண்டு. தலைச்சுமையைப் பிறர் துணையின்றி நிலத்தில் இறக்குதல் கடினம். இறக்கியதை மீண்டுந் தலைக்கு ஏற்றுதல் அதனினுங் கடினம். தனிவழியே விறகோ நெல்லோ மீன்கடகமோ சுமந்து செல்பவர் களைத்தாலும் நிற்க இயலாது. நின்றாலும் சுமை நிற்பவர் தலையிலேயே இருக்கும். சுமைதாங்கியின் குறுக்குக்கல் ஏறத்தாழ ஆளின் தோளளவில் இருப்பதன் காரணம் இதுவே. சுமப்பவர் குனியாமலே சுமையைக் கல்லின்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறி, மீண்டும் ஒருவர் துணையுமின்றித் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். அங்கில்லாத ஒருவரின் உதவியை அக்கல் நிரந்தரமாக்கி வைத்துள்ளது எனலாம்.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி அமைக்கும் வழக்கம் தமிழகத்திலும் ஈழத்திலும் இருந்துள்ளது. இறக்கிவைக்கப்படாத சுமையோடு அவள் சென்றாள் என்ற துயரம், ஊர் பேர் அறியாதார் தம் சுமையை இறக்கிவைக்க இடஞ்செய்வதனால் ஆறுதல் பெற்றது. வீட்டுக்குள் நிகழ்ந்த இழப்பொன்று வீதியிற் செல்வோரின் களைப்பை உணரும் கண்ணைத் திறந்துவிட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஆவுரோஞ்சிக்கல் இன்னும் நுட்பமானது. உரோஞ்சுதல் என்பது உடலை ஒன்றன்மீது தேய்த்தல். நாவும் கொம்பும் எட்டாத இடத்தில் தினவெடுக்கும்பொழுது மாடு உரோஞ்சிக்கொள்வதற்காக மேய்ச்சல் நிலங்களின் அருகிலும் நீர்த்தொட்டிகளின் பக்கத்திலும் இக்கல் நாட்டப்பட்டது. முப்பத்திரண்டு அறங்களைத் தொகுத்துரைக்கும் பழைய பட்டியல் இதனை ஆவுரிஞ்சுதறி என்னும் பெயரால், தண்ணீர்ப்பந்தல், மடம் முதலியவற்றோடு ஓர் அறமாக எண்ணுகின்றது. மாடு தன் தினவை எவரிடமும் முறையிடுவதில்லை. அது வேலிக்கதியாலிலும் மரத்திலும் உடலைத் தேய்ப்பதைப் பலமுறை பார்த்து, அதன் பொருளை உணர்ந்த ஒருவரே முதலில் இக்கல்லை நாட்டியிருத்தல் வேண்டும். கவனித்தல் முன்னதாகவும் கொடை பின்னதாகவும் நிகழ்ந்துள்ளன.

இவ்வறங்கள் தமிழர்க்கு மட்டும் உரியன என்று கூறுதல் பொருந்தாது. கி. மு. 3 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதையும் வழிகளிற் கிணறுகள் தோண்டப்பட்டு மரங்கள் நடப்பட்டதையும் குறிப்பிடுகின்றது. சோழர், பாண்டியர் முதலியோரும் தாம்பரபரணி எனப்பட்ட இலங்கையும் அக்கல்வெட்டிலே பெயர் சுட்டப்பெறுகின்றனர். வெசாக் காலத்தில் நமது நாட்டின் வீதியோரங்களில் அமைக்கப்படும் தன்சல்களும் வழிநடப்போரை அழைத்து உணவளிக்கும் தொன்மையான எண்ணத்தின் தொடர்ச்சியே. சமயங்கள் வேறுபட்டாலும் வழியோரம் அவற்றின் பொதுவிடமாக இருந்து வந்துள்ளது.

இரண்டு நள்ளிரவுகள்

கற்கள் கூறும் இச்செய்தியை இலக்கியங்கள் மாந்தர் வாயிலாகக் கூறுகின்றன. 12 ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இளையான்குடிமாற நாயனார் வரலாறு இடம்பெறுகின்றது. அடியார்க்கு உணவளித்தே செல்வம் இழந்த வேளாண்குடியினர் அவர். மழை பெய்யும் நள்ளிரவில் அடியாரொருவர் வருகின்றார். வீட்டில் அரிசி இல்லை. அன்று பகல் வயலில் விதைத்த நெல்லை வாரிவந்தாற் சமைக்கலாம் என்று வழி கூறுபவர் மனைவியே. காலால் வழிதடவி இருளிற் சென்று அவர் விதையை வாரி வருகின்றார். விறகில்லை, வீட்டின் கூரைக்கழிகள் அறுக்கப்படுகின்றன. கறியில்லை, கொல்லையில் முளைத்த கீரை பறிக்கப்படுகின்றது. அடுத்த போகத்துக்கான விதையும் தலைக்கு மேலிருந்த கூரையும் ஓர் இரவின் அழைப்புக்கு மறுமொழியாகின்றன.

சைவக் காப்பியத்தின் இக்காட்சிக்கு இணையானதொன்றைப் பௌத்த காப்பியமாகிய மணிமேகலையிற் காண்கின்றோம். வேள்விக்குரிய பசுவை விடுவித்தமையால் ஊராராற் புறந்தள்ளப்பட்ட ஆபுத்திரன் மதுரையை அடைந்து, பிச்சையேற்ற உணவைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு வாழ்கின்றான். அங்கும் மழைக்காலத்து நள்ளிரவொன்றிற் பசித்தோர் சிலர் வந்து கேட்கின்றனர். கொடுப்பதற்கு ஒன்றுமின்றி அவன் வருந்தியபோது சிந்தாதேவி அவனுக்கு வற்றாத உணவுப் பாத்திரத்தை அளிக்கின்றாள். அதுவே அமுதசுரபி.

இக்கதையின் பிற்பகுதி நமது பொருளுக்கு மிக இன்றியமையாதது. பின்னர் நாட்டில் மழை வளஞ் சிறந்து, உணவு வேண்டி வருவோர் எவருமிலராகின்றனர். ஆபுத்திரன் பசித்தோரை நாடிச் சாவகம் செல்லக் கப்பலேறுகின்றான். இடையிலே மணிபல்லவத் தீவில் தனித்து விடப்படுகின்றான். பல்லாயிரவரை உண்பிக்கவல்ல பாத்திரம் கையில் இருந்தும், தான் ஒருவனே உண்டு உயிர்வாழ மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையிலே இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கின்றான். அழைப்போர் இல்லாத இடத்திற் கொடுப்போர்க்கும் வாழ்வில்லை என்பதே இதனாற் பெறப்படும் கருத்து. கேட்பவர் கொடுப்பவருக்குக் கடன்பட்டவரல்லர். கொடுப்பவரின் ஆன்ம வாழ்வே கேட்பவரின் அழைப்பைச் சார்ந்து நிற்கின்றது. மணிபல்லவத்தை நயினாதீவு எனக் கொள்வோரும் உளராதலின், இக்கதை ஈழத்தமிழ் வாசகர்க்கு மேலும் அணுக்கமானதாகின்றது.

சைவ மரபு சரியை, கிரியை, யோகம், ஞானம் என நால்வகை நெறிகளைக் கூறும். இவற்றுட் சரியை உடலாற் செய்யும் தொண்டு. அதனை முதற்படி என்று கூறித் தாழ்வாகக் கருதும் வழக்கமும் உண்டு. எனினும் அந்நெறிக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் திருநாவுக்கரசர், தமது கையில் என்றும் வைத்திருந்தது புல் செதுக்கும் உழவாரப்படையே. வழியில் முளைத்துள்ள முள்ளையும் புல்லையும் காணுங் கண், அடுத்து வருபவரின் பாதத்தையுங் காண்கின்றது. திருமூலரும் கோயிலிற் படைப்பதை விட நடமாடும் மனிதரிடத்து ஈவதே இறைவனைச் சேரும் என்னும் கருத்தைத் தெளிவாக முன்வைத்துள்ளார். பசுவுக்கு ஒருபிடி புல்லும் பிறர்க்கு ஓர் இனிய சொல்லும் எவராலும் இயலக்கூடிய வழிபாடுகளாக அவராற் கூறப்படுகின்றன.

கிணற்றடியில் நின்ற மனிதர்

இம்மரபைப் பாராட்டுவதோடு நாம் நின்றுவிட முடியாது. சுமைதாங்கி நாட்டப்பட்ட அதே ஊர்களிலேயே கிணறுகள் மூடப்பட்டிருந்தன. பஞ்சமர் எனப் பெயரிட்டு ஒதுக்கப்பட்ட மக்கள் பல கிணறுகளில் தாமே நீர் அள்ளமுடியாது. உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதியவர் எவரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும். தேநீர்க்கடைகளில் அவர்களுக்குத் தனிப் பாத்திரம் வைக்கப்பட்டது. ஆவின் தினவை அறிந்து கல் நாட்டிய சமூகம், பக்கத்திலே குடத்தோடு நின்ற மனிதரின் தாகத்தை அறியாதிருந்ததா?

அறியாதிருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. தாகம் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அதற்கு எவ்வாறு மறுமொழி கூறவேண்டும் என்பதைச் சாதியமைப்பு முன்கூட்டியே விதித்திருந்தது. ஆறுகள் இல்லாத யாழ்ப்பாணத்திற் குடிநீரும் பாசனநீரும் சுண்ணக்கல்லின் அடியே தங்கும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளன. நிலம் உடையவரே கிணறும் உடையவர். நிலமில்லாதவர் பிறர் கிணற்றையும் அதனோடு பிறர் ஏவலையும் சார்ந்திருக்க நேர்ந்தது. நீரின் மீதான ஆதிக்கம் உழைப்பின் மீதான ஆதிக்கமாயிற்று. கவனிப்பு என்பது தனிமனித உள்ளத்தில் மாத்திரம் தோன்றும் குணமன்று. எதனைக் காணலாம், எதனைக் காணாதிருக்கலாம் என்பதைச் சமூக உறவுகள் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

மறுக்கப்பட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. 1924 இல் தோன்றிய மாணவர் இயக்கம் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றுத் தீண்டாமைக்கு எதிராகக் குரலெழுப்பிச் சமபந்திப் போசனத்தை ஊக்குவித்தது. 1930 ஆம் ஆண்டளவிற் பாடசாலைகளிற் சமஆசனம் வழங்கப்பட்டபோது, அதனைப் பொறாதோரின் எதிர்ப்பினாற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களிற் சாதிகாரணமாகத் தடைவிதித்தலைக் குற்றமாக்கியது. எனினும் சட்டம் வந்த பின்னரும் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் போராட்டங்களும், 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் அக்கதவுகளைத் தட்டிய கைகளாகும். டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ (1960), கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) முதலிய படைப்புகள், கேட்கப்படாத அவ்வழைப்பை இலக்கியத்திற் கேட்கச் செய்தன.

அழைப்பு என்பது மென்மையான வேண்டுகோளாக மட்டுமே வரும் என்று எண்ணுதல் தவறென்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. அது முழக்கமாகவும் மறியலாகவும் வரும். வாசலில் வந்து பணிவோடு கேட்பவரை அடியார் என வரவேற்று, வாசலில் வந்து உரிமையோடு கேட்பவரைக் கலகக்காரர் என விரட்டுபவர், முன்னவருக்குத் தந்ததும் அறம்தானா என்ற ஐயத்திற்கு இடமளிக்கின்றார்.

ஏற்றலின் அருமை

இவ்விடத்தில் நமது பொருளின் மறுபாதி புலப்படுகின்றது. அழைப்புக்கு மறுமொழி கூறுதல் என்றவுடன் கொடுத்தலையே நாம் கருதுகின்றோம். ஏற்றலும் மறுமொழியே. சாதியமைப்பு கொடுத்தலை முற்றாகத் தடைசெய்யவில்லை என்பது கவனத்திற்குரியது. மேலிருந்து கீழாகச் சோறும் துணியும் சென்றன, நீரும் ஊற்றப்பட்டது. தடைசெய்யப்பட்டது எதிர்த்திசையே. ஒடுக்கப்பட்டவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் தரும் ஒரு செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தல் ஆகாது. கொடுப்பதனாற் கொடுப்பவரின் நிலை உயர்ந்தது. ஏற்பதனால் அது சமநிலைக்கு வரவேண்டியதாயிற்று. எனவே, ஒருவர் எவருக்குக் கொடுக்கின்றார் என்பதைவிட, எவரிடமிருந்து ஏற்கின்றார் என்பதே அவரது ஆன்மிகத்துக்கு உண்மையான அளவுகோலாகும்.

பெரியபுராணத்திலும் இதற்கு ஒளிதரும் இடங்கள் உள்ளன. திருஞானசம்பந்தரோடு வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அவர் துணைவியாரையும், அந்தணரான திருநீலநக்கர் தமது வேள்விவேதிகையின் பக்கத்திலேயே தங்கவைக்கின்றார். அதே நூலில், திருநாளைப்போவார் தில்லையின் அழைப்பைக் கேட்டு ஏங்கி நின்றும், தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே செல்கின்றார். ஒருவருக்கு வேள்வித்தீயின் அருகே படுக்க இடம், மற்றவருக்குத் தீயே வாசல். ஒரே மரபினுள் இவ்விரண்டும் உள்ளன என்பதை மறைக்காது ஏற்றுக்கொண்டு, முன்னதைத் தேர்ந்து வளர்ப்பதே மரபை உண்மையாகப் பேணுதலாகும்.

வீட்டின் உட்புறத்தையும் இதே அளவுகோலால் அளத்தல் வேண்டும். இளையான்குடியில் வழி கூறியவர் மனைவி. ஈரநெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்கியவரும் அவரே. ஆயினும் நூல் அவரது பெயரைக் கூறவில்லை. விருந்தோம்பலைப் புகழும் நாம், அவ்விருந்தின் பின்னால் அடுக்களையிற் கடைசியாக உண்பவரின் களைப்பைக் கவனிப்பதுண்டா? தொலைவிலுள்ளோரின் குரல் கேட்டு ஓடுபவர் அருகிலுள்ளோரின் மௌனத்தைக் கேளாதிருத்தல் பெருவழக்காகவே உள்ளது.

அறமும் உரிமையும்

இத்தகைய அன்றாட அறம் வறுமையின் காரணங்களை மறைத்து, உள்ள அமைப்பை நிலைநிறுத்தவே உதவும் என்று முற்போக்குச் சிந்தனையாளர் எழுப்பும் ஆட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. சுமைதாங்கி சுமையைக் குறைப்பதில்லை. சுமப்பவரைச் சற்றுநேரம் நிறுத்திவைத்துப் பின்னும் சுமக்கவே அனுப்புகின்றது என்று ஒருவர் கூறலாம். அக்கூற்றில் உண்மையுண்டு.

எனினும் மணிமேகலை இதற்கு விடையொன்றைக் குறிப்பாகத் தருகின்றது. அமுதசுரபி பின்னர் மணிமேகலையின் கையை அடைகின்றது. அவள் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்தினுட் சென்று பசியால் வாடியவர்க்கு உணவளிக்கின்றாள். செய்தியறிந்த சோழமன்னன் அவளுக்கு வேண்டுவது யாதென வினவுகின்றான். அவள் தன்பொருட்டு எதனையும் கேட்கவில்லை. சிறைக்கூடத்தின் பசிக்கு மேலும் உணவு கேட்கவுமில்லை. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுமாறு கேட்கின்றாள், அவ்வாறே மாற்றப்படுகின்றது. ஒருபிடி சோற்றிற் தொடங்கிய கவனிப்பு, அப்பசியை உண்டாக்கிய கட்டடத்தின் தன்மையை மாற்றுவதில் முடிகின்றது. சோறிடாது நேரடியாக மன்னனிடஞ் சென்றிருந்தால் உள்ளேயிருந்தோரின் நிலையை அவள் அறிந்திருக்க முடியாது. சோறிடுவதோடு நின்றிருந்தாற் சிறை சிறையாகவே இருந்திருக்கும். கவனிப்பு அறிவுக்கு வழி. அறிவு மாற்றத்துக்கு வழி. இவற்றை ஒன்றுக்கொன்று பகையாக்குதல் பொருந்தாது.

இன்றைய வழியோரங்கள்

தலைச்சுமைகள் பெரும்பாலும் வாகனங்களுக்கு மாறிவிட்டன, சுமைகள் மறைந்துவிடவில்லை. மலையகத்திற் கொழுந்துக்கூடையின் பாரத்தைத் தலையிலும் முதுகிலும் தாங்கிச் சரிவுகளில் நிற்கும் பெண்களுக்கு இன்றும் வேண்டியது இளைப்பாறும் கல் ஒன்றோ, உழைப்புக்கேற்ற ஊதியமும் சொந்த நிலமுமோ என்பது சிந்தனைக்குரியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நீண்ட வரிசைகளில் மக்கள் நின்றபோது, வீதியோரம் மீண்டும் நமது பொதுவிடமாயிற்று. முன்னே நிற்பவர் எந்த இனம், எந்த மதம் என்று நோக்காது ஒருவர்க்கொருவர் நீரும் நிழலும் இடமும் பகிர்ந்துகொண்ட காட்சிகளும், ஒருவரையொருவர் முந்திய காட்சிகளும் அவ்வரிசைகளில் ஒருங்கே இருந்தன.

2009 இல் முடிவுற்ற போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்த மக்களுக்கு அரிசிக் கஞ்சியே உயிர்தாங்கும் உணவாக இருந்தது. அதன் நினைவாக ஆண்டுதோறும் மே மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரங்களிற் கஞ்சி காய்ச்சி வழிச்செல்வோர்க்கு வழங்கப்படுகின்றது. அங்கே சிரட்டையையோ குவளையையோ நீட்டுபவரிடம் கொடுப்பதற்குச் செல்வம் இல்லை, நினைவொன்றே உண்டு. அதனை வாங்கி அருந்துதல் பசி தீர்ப்பதற்காகவன்று. இழந்தோரின் துயரில் ஒரு மிடறேனும் பங்கேற்பதற்காக. ஏற்றலே மறுமொழியாகும் என முன்னர்க் கூறியதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அவ்வழியே செல்பவர் எம்மொழியினராயினும் எம்மதத்தினராயினும் அக்குவளை அவரையும் அழைக்கின்றது.

இதுகாறுங் கூறியவற்றால், அன்றாட அழைப்புகளைக் கவனித்தல் என்பது ஓய்வுநேரத்து இனிய மனநிலையன்று, கடினமான பயிற்சி என்பது பெறப்படும். கேட்கப் பழகிய குரல்களைக் கேட்பதில் அருமை இல்லை. நமது பிறப்பும் உடைமையும் கல்வியும் கேட்காதிருக்கப் பழக்கிவிட்ட குரல்களைத் தேடிக் கேட்பதும், கேட்டபின் கொடுக்க வேண்டிய இடத்திற் கொடுப்பதும், ஏற்கவேண்டிய இடத்தில் ஏற்பதும், அமைப்பை மாற்றவேண்டிய இடத்தில் அதற்காகச் சேர்ந்து நிற்பதுமே அப்பயிற்சியின் படிகள். சிதைந்து கிடக்கும் சுமைதாங்கிகளையும் ஆவுரோஞ்சிக்கற்களையும் இனங்கண்டு, அவை அமைந்த இடத்தையும் அமைத்தோரின் வரலாற்றையும் பதிவுசெய்தல் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளக்கூடிய நற்பணியாகும். அவ்வாறு பதிவுசெய்யச் செல்வோர் ஒவ்வொரு கல்லின் அருகிலும் உள்ள கிணற்றின் கதையையும், அதில் நீரள்ள உரிமையற்றிருந்தோரின் வழிவந்தவர்களிடம், அவர்தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டு எழுதுதல் வேண்டும். அவர்கள் தரும் தேநீரையும் மறுக்காது அருந்துதல் வேண்டும்.